மாடியில் அறை தயார், நாவல் எங்கே?

கேள்வி: எழுதுவதற்கென்றே மாடியில் ஓர் அறை கட்டினேன். தேக்கு மேஜை, ஏசி, சுவர் முழுக்கப் புத்தக அலமாரி. ஆறு மாதமாகியும் நாவலின் முதல் அத்தியாயம்கூட முடியவில்லை. பெரிய எழுத்தாளர்களின் அறையில் இருக்கிற, என் அறையில் இல்லாத பொருள் எது?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர், கும்பகோணம்

பதில்: பூனைகள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. கியூபாவில், ஹவானாவை ஒட்டிய ஃபின்கா விஹியா வீட்டில் அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வே எழுதுவதற்காக அவர் மனைவி 1947-ல் ஒரு கோபுரமே கட்ட வைத்தார். மனிதர் எப்போதாவதுதான் அதில் ஏறினார். படுக்கையறையில் புத்தக அலமாரியின் மேல் டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு நின்றபடியே எழுதினார். கோபுரத்தில் ஒரு தளம் வீட்டுப் பூனைகளுக்குப் போயிற்று. ஆக, மாடி அறை சும்மா கிடப்பது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. என்ன, அவர் கீழே எழுதிக்கொண்டிருந்தார்.

மரச்சாமான் கணக்கை விடுங்கள். எழுதுகிறவர்கள் அறைக்காகப் பாடுபட்டதைவிட, கூப்பிடும் ஆட்களிடமிருந்து தப்பிக்கத்தான் அதிகம் பாடுபட்டிருக்கிறார்கள். நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா தன் வீட்டுத் தோட்டத்தில் சின்ன மரக் குடில் ஒன்று வைத்திருந்தார். வெயில் போகும் பக்கம் தள்ளித் திருப்பிக்கொள்ளலாம். அதன் பெயர் ‘லண்டன்’. யாராவது தேடி வந்தால் “ஐயா லண்டனில் இருக்கிறார்” என்று பொய் சொல்லாமலே திருப்பி அனுப்ப வசதி!

அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரிக்கு அந்த வசதியும் கிடையாது. வீட்டில் கார் ஷெட்டில் உட்கார்ந்தால் மகள் விளையாடக் கூப்பிடுவாள், இவரும் போய்விடுவார். வெளியே அறை எடுக்கக் கையில் காசில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் வாடகை டைப்ரைட்டர்கள் இருந்தன. 10 சென்ட் போட்டால் அரை மணி நேரம் ஓடும், அப்புறம் நின்றுவிடும். பிற்பாடு ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலாக வளர்ந்த கதையின் முதல் வரைவை அங்கேதான் அடித்து முடித்தார். மொத்தச் செலவு 9 டாலர் 80 சென்ட். கணக்குப் போட்டால் 49 மணி நேரம். உங்கள் ஏசிக்கும் அப்படி ஒரு காசு டப்பா பொருத்தலாம் என்பது என் யோசனை.

கதவைச் சாத்திக்கொள்ளவே முடியாதவர்களும் உண்டு. ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின், இங்கிலாந்தின் சாட்டன் கிராமத்து வீட்டில் எல்லாரும் வந்துபோகும் கூடத்தில்தான் எழுதினார். அங்கே ஒரு கதவு திறக்கும்போது கிரீச்சிடும். அதைச் சரிசெய்ய வேண்டாம் என்றாராம். சத்தம் கேட்டதும் சட்டென்று மறைத்துவிடலாம் என்பதற்காகச் சின்னச் சின்னத் தாள்களில் எழுதினார் என்று அண்ணன் மகன் குறித்து வைத்திருக்கிறார். (மாடி அறை உங்களுக்குச் சரி. உங்கள் வீட்டுப் பெண்களில் யாருக்காவது எழுதத் தோன்றினால் எங்கே உட்காருவார்கள்?)

இன்னொன்று. உங்கள் கடிதம் நான்கு பக்கம். அடித்தல் திருத்தல் இல்லை, ஓட்டமான நடை. மூன்றாம் பக்கத்தில் குழம்புக் கறை. முடிக்கும் இடத்தில், “மாடியில் ஏசி ரிப்பேர், அதனால் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன், மன்னிக்கவும்” என்று போட்டிருக்கிறீர்கள். மெக்கானிக்கை இப்போதைக்குக் கூப்பிடாதீர்கள்.