அறுபது டயபர் கணக்கு

கேள்வி: எனக்கு 52 வயது. பெங்களூரில் வேலை. திருச்சியில் இருக்கும் என் அம்மாவுக்கு வயது 78. ஒன்றரை வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. படுத்த படுக்கை. ஏஜென்சி மூலம் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்திருக்கிறேன். ஏழு மாதமாக அவர்தான் இருக்கிறார், லீவே எடுப்பதில்லை. ரொம்பச் சிக்கனமானவரும்கூட. முன்பெல்லாம் மாதம் 120 டயபர் ஆகும். இவர் வந்த பிறகு 60 போதும் என்கிறார். அதே ஊரில் இருக்கும் தம்பி மனைவி வாரம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, 'அத்தை எந்நேரமும் தூங்குறாங்க, வாய் நாத்தம் அடிக்குது' என்று அந்தப் பெண்ணைக் குறை சொல்லிவிட்டுப் போகிறாள். செலவு முழுக்க என்னுடையது. வீடியோ காலில் பார்த்தால் அம்மா சுத்தமாகத் தலை வாரி, பொட்டு வைத்துத்தான் இருக்கிறார். நோட்டிலும் எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது. ஆனாலும் மனம் உறுத்துகிறது. கேமரா வைத்தால் போதுமா, ஏஜென்சியையே மாற்றிவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெங்களூரு

பதில்: கேமராவும் ஏஜென்சியும் இருக்கட்டும். 120 எப்படி 60 ஆனது? அதை முதலில் சொல்லுங்கள்.

பாராட்டாக எழுதியிருக்கிறீர்கள். எண்ணெயில் சிக்கனம் உண்டு, சோப்பில் உண்டு. சிறுநீரில் எங்கிருந்தம்மா சிக்கனம் வரும்? படுக்கையில் இருப்பவருக்குப் பகலில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று, மலம் போனால் உடனே ஒன்று என்று நாளுக்கு நான்கைந்து டயபர் ஆகத்தான் செய்யும். இரண்டோடு நாள் முடிகிறது என்றால், ஒன்று உங்கள் அம்மா நனைந்த டயபரோடு பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கிடக்கிறார். இல்லையென்றால், நனைகிற அளவுக்கு உள்ளே தண்ணீர் போவதில்லை.

எது என்று கண்டுபிடிக்கச் சமையலறைத் தராசு போதும். புது டயபர் ஒன்றின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றிய ஒவ்வொன்றையும் ஒரு கவரில் போட்டு எடை பாருங்கள். கூடியிருக்கும் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய ஒரு மில்லி சிறுநீர். மலம் கலந்திருந்தால் கணக்கு தப்பும், அந்த நாளை விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு 24 மணி நேரத்தில் 700 மில்லியாவது வர வேண்டும். இரண்டே டயபரில் 1,200, 1,300 என்று ஏறியிருந்தால் தண்ணீர் கொடுக்கிறார், மாற்றுவதில்லை. மொத்தமே 400, 500தான் என்றால் தண்ணீர் கொடுப்பதில்லை. அடிவயிறு உப்பி, கை வைத்தால் முகத்தைச் சுளிக்கிறார் என்றால் மட்டும் தராசெல்லாம் வேண்டாம். சிறுநீர் அடைத்துக்கொண்டிருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

என் சந்தேகம் தண்ணீர்மேல்தான். அதற்குச் சாட்சி உங்கள் தம்பி மனைவி. எந்நேரமும் தூக்கம், வாய் நாற்றம் என்று அவர் சொன்னதை நாத்தனார் காதோடு கேட்டதால் உங்களுக்கு அது குறையாகப் பட்டிருக்கிறது. டாக்டர் காதில் விழுந்திருந்தால் இரண்டும் நோய்க்குறிகள். உடம்பில் நீர் வற்றினால் முதியவர்கள் பலர் தாகம் என்று கேட்க மாட்டார்கள், சோர்ந்து தூங்குவார்கள். சிறுநீர்த் தொற்றும் இந்த வயதில் பல நேரம் காய்ச்சல் இல்லாமல், வெறும் தூக்கமாகவும் குழப்பமாகவும் வரும். யாராவது தூக்க மாத்திரையோ, தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரையோ கொடுக்கிறார்களா என்பதையும் பார்த்தாக வேண்டும். அதற்கு, தீர்ந்த மாத்திரை அட்டைகளைத் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் சேர்க்கச் சொல்லி, மாதக் கடைசியில் மருந்துக்கடை பில்லோடு ஒத்துப் பாருங்கள்.

வாய் நாற்றத்துக்கு வருவோம். இடது பக்கம் விழுந்தவர்கள் பலருக்கு இடது கன்னத்துக்குள் சோறு தங்குவது தெரியாது. உணர்ச்சி இருக்காது, நாக்கும் அங்கே போய்த் துழாவாது. கையுறை போட்டுக்கொண்டு அந்தக் கன்னத்தை ஒதுக்கிப் பாருங்கள். காலையில் கொடுத்த இட்லி மாலையில் அங்கே இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் பிறகு, ஈரத் துணி சுற்றிய விரலால் அந்த இடத்தைத் துடைத்தெடுக்க வேண்டும். அப்படியே விட்டால் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம்.

வாரம் ஒருமுறையாவது அம்மாவின் வாய்க்கு அருகில் முகத்தைக் கொண்டுபோகிற தூரத்தில் உட்காருகிறவர் உங்கள் குடும்பத்தில் அந்த ஒரு மருமகள்தான். செலவு உங்களுடையது என்பதால் அவர் பேச்சு எடுபடாமல் போகலாமா? பணம் அனுப்புகிறவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. கண்ணால் பார்த்தவரைப் பேசாதே என்னும் உரிமை கிடையாது. இன்றைக்கே அவரைக் கூப்பிட்டு, 'வேற என்னென்ன பார்த்தே?' என்று கேளுங்கள். தம்பியிடம் கேட்காதீர்கள், அவர் கூடத்தோடு திரும்பியிருப்பார்.

இப்போது அந்தப் பெண். உடனே பாய்ந்துவிடாதீர்கள். தண்ணீரைக் குறைப்பவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. பக்கவாதம் வந்தவர்களில் பலருக்குச் சோறு இறங்கும், தண்ணீர் இறங்காது. புரை ஏறும். இரண்டு முறை கண் பிதுங்க இருமியதைப் பார்த்தவர் மூன்றாவது முறை டம்ளரை எடுக்கத் தயங்குவார். இதற்கு விழுங்கும் திறனைச் சோதிக்கிற பேச்சுப் பயிற்சி நிபுணர் இருக்கிறார். நரம்பியல் டாக்டரிடம் கேட்டால் அனுப்பிவைப்பார். தண்ணீரைக் கஞ்சி பதத்துக்குக் கெட்டியாக்கிக் கொடுக்க வேண்டுமா என்பதை அந்த நிபுணர் சொல்லட்டும். அதுவரை நிமிர்த்தி உட்காரவைத்து, தாடை சற்றுக் கீழே இறங்கியிருக்க, ஸ்பூன் ஸ்பூனாக வலது பக்கமாகக் கொடுக்க வேண்டும். முடிந்ததும் அரை மணி நேரம் படுக்கவைக்கக் கூடாது. இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ டாக்டர் தண்ணீர் அளவு கட்டியிருந்தால் அந்த அளவு. கட்டவில்லையென்றால் கஞ்சி, மோர், ரசம் எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும். காலையில் ஒன்றரை லிட்டர் தண்ணீரை ஒரு ஜாடியில் ஊற்றி வைத்துவிட்டு, மோரோ கஞ்சியோ எவ்வளவு கொடுத்தாலும் அதே அளவு தண்ணீரை ஜாடியிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு ஜாடியில் எவ்வளவு மிச்சம் என்பதைப் போட்டோ எடுத்து அனுப்பட்டும்.

இரண்டாவது காரணம் இரவு. சாயங்காலத்துக்குப் பிறகு தண்ணீர் கொடுத்தால் ராத்திரி இரண்டு மணிக்கு மாற்ற வேண்டும். 60 கிலோ உடம்பைத் தனி ஆளாகப் புரட்டி, துடைத்து, மாற்றி, விடிந்ததும் மறுபடி குளியல், சமையல், மாத்திரை. ஏழு மாதமாக ஒரு நாள் லீவு இல்லை என்று பெருமையாக எழுதுகிறீர்கள். எனக்கு அது பயமாக இருக்கிறது. எந்த மனுஷியாலும் அப்படி ஓட முடியாது. எங்கோ ஒரு மூலையில் வேலையைக் குறைத்துக்கொண்டால்தான் ஓட முடியும், அந்த மூலைதான் உங்கள் 60 டயபர். நீங்கள் ஏஜென்சிக்குக் கட்டும் தொகையில் எவ்வளவு அவர் கையில் சேர்கிறது என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? கேளுங்கள்.

மாதம் நான்கு நாள் அவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு. இரண்டு நாள் தம்பி பார்க்கட்டும், தம்பி மனைவி அல்ல, தம்பி. ஒரு சனி ஞாயிறு நீங்கள் ரயிலேறி வாருங்கள். அந்த இரண்டு நாளும் வேறு ஆள் வைக்கக் கூடாது, நீங்களே மாற்றி, ஊட்டி, புரட்ட வேண்டும். பெற்றவளின் முதுகை மாதம் ஒருமுறை கூடப் பார்க்காத பிள்ளைக்கு, மாதாமாதம் அனுப்பும் பணம் எந்தச் சான்றும் ஆகாது என்பது என் கட்சி. கோபம் வந்தால் வரட்டும்.

முதுகைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது நிஜமான முதுகை. வீடியோ காலில் பொட்டும் தலைவாரலும் தெரியும். படுக்கைப் புண் வருவது பின்னால். வால் எலும்பு, இரு இடுப்பு எலும்புகள், குதிகால், முழங்கை, பின்மண்டை, இவ்வளவையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நம் நிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ, சூடாகவோ, கட்டியாகவோ, கொழகொழவென்றோ இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து நிறம் திரும்ப வேண்டும். வெளுக்கவே இல்லையென்றால் புண் தொடங்கியிருக்கலாம். கறுத்த தோலில் வெளுப்பதும் தெரியாமல் போகலாம், அதனால் தடவிப் பார்ப்பதை விடாதீர்கள். அந்த இடத்தில் ஸ்பிரிட் போட்டுத் தேய்ப்பது, பவுடர் கொட்டுவது, மசாஜ் செய்வது மூன்றுமே கூடாது. தேய்த்தால் உள்ளே நைந்த சதை இன்னும் நையும். குதிகால் மெத்தையில் படாமல் இருக்க, கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூக்கிவிடுங்கள். மடங்கியிருக்கும் இடது கையின் விரல்களை மெதுவாகப் பிரித்து உள்ளங்கையையும் பாருங்கள். ஈரம் தேங்கித் தோல் வெளுத்து, நகம் குத்தி நிற்கும் இடம் அது. அங்கே அழுக்கு இருந்தால், குளிப்பாட்டுவதாக நோட்டில் இருப்பது பொய்.

ஏர் பெட் (பம்பால் காற்று நிரப்பும் மெத்தை) இருந்தால் புரட்ட வேண்டாம் என்று ஏஜென்சிக்காரர்களே சொல்வார்கள். தவறு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றியே ஆக வேண்டும். பம்பில் உள்ள திருகை அம்மாவின் எடைக்குத் தக்கபடி வைத்திருக்கிறார்களா, குழாய் கட்டில் சட்டத்தில் மடங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். மேலே ரப்பர் ஷீட், மடித்த போர்வை என்று அடுக்கினால் ஏர் பெட் வாங்கியது தண்டம். ஒரே ஒரு பருத்தி விரிப்பு போதும். இடுப்புக்கு அடியில் குறுக்காக ஒரு பெட்ஷீட்டை மடித்துப் போட்டு, அதைப் பிடித்து இழுத்துத் திருப்பக் கற்றுக்கொடுத்தால் அந்தப் பெண்ணின் இடுப்பும் தப்பிக்கும்.

நோட்டு ஒழுங்காக இருக்கிறது என்கிறீர்கள். ஒழுங்காக இருப்பதுதான் கவலை. எல்லா நாளும் 8, 10, 12 என்று ஒரே மையில் டிக் அடித்திருந்தால் ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக எழுதியது. டிக்கை ஒழித்துவிடுங்கள். எத்தனை மில்லி, எந்தப் பக்கம் படுக்கவைத்தார், டயபர் எத்தனை மணிக்கு மாற்றினார், மலம் போனதா என்பதை எண்ணாகவும் சொல்லாகவும் எழுதட்டும். பிறகு பதினொன்றரைக்கு ஒரு நாள், மூன்றுக்கு ஒரு நாள் என்று நேரம் மாற்றிக் கூப்பிட்டு, 'இப்ப எந்தப் பக்கம் படுத்திருக்காங்க, காட்டுங்க' என்று கேளுங்கள். நோட்டும் கட்டிலும் ஒத்துப்போகிறதா என்று இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும்.

கேமராவால் டயபரின் எடையையும் கன்னத்துக்குள் இருக்கும் சோற்றையும் காட்ட முடியாது. வைப்பதானால் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வையுங்கள், உடம்பு துடைக்கும்போது மூடுங்கள். அம்மாவின் மானமும் உங்கள் பொறுப்புதான்.

ஏஜென்சியை மாற்றுவது பற்றி. வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களைத் தேடி வந்து சோதிக்க நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தைத் திருத்தி, இவற்றுக்குப் பதிவும் குறைந்தபட்சத் தரமும் கொண்டுவர 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. இங்கிலாந்தில் கேர் குவாலிட்டி கமிஷன் என்று ஓர் ஆணையம் இப்படிப்பட்ட நிறுவனங்களை ஆய்வு செய்து, தரம் போட்டு ஊரறிய வெளியிடுகிறது. திருச்சியில் அந்த வேலையை நீங்களும் தம்பியும் அவர் மனைவியும்தான் செய்தாக வேண்டும்.

ஏஜென்சியிடம் எழுத்தில் கேளுங்கள். மேற்பார்வையாளர் கடைசியாக எப்போது வீட்டுக்கு வந்தார், வந்து என்ன எழுதினார்? வந்திருப்பவர் நர்ஸா, உதவியாளரா? நர்ஸ் என்றால் நர்ஸிங் கவுன்சில் பதிவு எண் இருக்கும். எண் இல்லையென்றால் ஊசி, மூக்குக் குழாய், சிறுநீர்க் குழாய் எதையும் போடவோ மாற்றவோ அவரை விடாதீர்கள். விடுப்புக்கு மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில், முன்பணம் எப்போது திரும்பும் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பணத்தை வங்கி வழியாகக் கட்டி ரசீது வாங்குங்கள். ரசீது இருந்தால் சேவைக் குறைபாடு என்று 1915 நுகர்வோர் எண்ணில் புகார் செய்யலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கையில் கொடுத்த காசுக்கு ஆதாரம் காட்டுவது கஷ்டம். முதியோர் உதவிக்கான 14567இல் வழிகாட்டுவார்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் நோய் ஆதரவுச் சேவையும் தருகிறார்கள். அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிந்தால், ஏஜென்சி சம்பளம் வாங்காத ஒரு ஜோடிக் கண்ணும் வீட்டுக்குள் வரும்.

வரும் வாரம் ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனை முடித்துவிடுங்கள்; சோடியமும் (ரத்தத்தில் உப்பின் அளவு) கிரியாட்டினினும் (சிறுநீரகம் வேலை செய்யும் அளவு) பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தண்ணீர், விடுப்பு, எழுதும் முறை மூன்றையும் சரிசெய்து ஒரு மாதம் கொடுங்கள். சொல்லிக்கொடுத்தும் டயபர் எடையும் முதுகும் தேறவில்லையென்றால் ஆளை மாற்றுங்கள், மேற்பார்வையாளரே வரவில்லையென்றால் ஏஜென்சியை மாற்றுங்கள். மாற்றும்போது, பழையவர் போகும் முன் புதியவரோடு இரண்டு நாளாவது சேர்ந்து இருக்கட்டும். எந்தப் பக்கம் புரட்டினால் அம்மா முனகுகிறார், எந்த ஸ்பூனில் வாய் திறக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அந்த இரண்டு நாளுக்கு இரண்டு பேருக்கும் சம்பளம் கொடுத்துவிடுங்கள்.