ரோமாபுரி மாறியது ராஜா சொல்லியா?

கேள்வி: "கான்ஸ்டன்டைன் என்ற ராஜா உத்தரவு போட்டார், ரோமாபுரியே கிறிஸ்தவமாகிவிட்டது" என்கிறார் என் கணவர். கல்லூரியில் படிக்கும் மகளோ, "சிங்கத்துக்கு இரையானவர்களைப் பார்த்துத்தான் ஜனங்கள் மனம் மாறினார்கள்" என்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் தினமும் இதே சண்டை. யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: உங்கள் வீட்டுக்கு நான் நாட்டாமையா! சரி, இருவருக்குமே பாஸ் மார்க்தான், அதற்கு மேல் இல்லை.

முதலில் ராஜா. 313-ல் கான்ஸ்டன்டைனும் அவரோடு ஆண்ட இன்னொரு சக்கரவர்த்தி லிசினியஸும் மிலானில் எடுத்த முடிவு, கிறிஸ்தவர் உட்பட எவரும் தம் விருப்பப்படி கும்பிடலாம் என்பதுதான். மதம் மாறச் சொல்லி அதில் ஒரு வரியும் கிடையாது. கான்ஸ்டன்டைனே ஞானஸ்நானம் பெற்றது 337-ல், மரணப் படுக்கையில். கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்று கட்டளை வந்தது 380-ல், சக்கரவர்த்தி தியோடோசியஸ் காலத்தில். பழைய தெய்வங்களுக்கான பலிகளுக்கு அவர் போட்ட கடும் தடைகள் அதற்கும் பின்னால். அந்தக் கடைசிக் கட்டத்துக்கு உங்கள் கணவர் சொல்வது பொருந்தும்.

ஆனால் அதற்கு 200 வருஷங்களுக்கு மேல் முன்பே ஒரு கவர்னர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். இன்றைய துருக்கியின் வடக்கே, பித்தினியா-பொந்துவில் இருந்த பிளினி. சுமார் 112-ல் சக்கரவர்த்தி டிராஜனுக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. இந்தக் கிறிஸ்தவக் கூட்டம் நகரத்தோடு நிற்கவில்லை, கிராமங்களிலும் பரவிவிட்டது. எல்லா வயதினரும் அந்தஸ்தினரும் இருக்கிறார்கள். கோயில்கள் கிட்டத்தட்ட வெறிச்சோடிக் கிடந்தன என்று புலம்புகிறார். எனக்கு ரொம்பப் பிடித்தது கறி விஷயம். பலியிட்ட இறைச்சியை வாங்க ஆள் கிடைப்பதே அரிதாக இருந்ததாம், இப்போதுதான் மறுபடி விற்கிறதாம்! அதே கடிதத்தில், சபையில் ஊழியம் செய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததையும் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்.

ராஜா துணையில்லாமல் இந்த மதம் எப்படிப் பரவியது? பட்டறையிலும் வீட்டிலும் பேசிப் பேசித்தான். அப்போஸ்தலர் பவுல், கொரிந்துவில் ஆக்கில்லா-பிரிஸ்கில்லா தம்பதியோடு கூடாரம் செய்து பிழைத்தவர். பிலிப்பியில் இரத்தாம்பரம் என்ற ஊதாத் துணி விற்ற லீதியாள் நம்பினாள், அவள் வீட்டாரும் சேர்ந்து ஞானஸ்நானம் பெற்றார்கள். ஒருவர் மாறினால் வீடே மாறும்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். சிங்கம் எல்லாக் காலத்திலும் காத்திருக்கவில்லை. "அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டாம், மொட்டைக் கடுதாசியை ஏற்காதே" என்பதுதான் டிராஜன் பிளினிக்கு அனுப்பிய பதில். 250-ல் சக்கரவர்த்தி டீசியஸ், எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றபோது, உயிரைக் கொடுத்தவர்களும் இருந்தார்கள், பயந்து பலியிட்டவர்களும் இருந்தார்கள், காசு கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டவர்களும் இருந்தார்கள். (நமக்குத் தெரியாத வித்தையா!)

அப்புறம், ஏழைகளுக்குப் போட்ட சோறும் ஜனங்களை இழுத்தது. அதற்குச் சாட்சி கான்ஸ்டன்டைனின் தம்பி மகன் ஜூலியன். சக்கரவர்த்தியானதும் பழைய தெய்வங்களைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தவர். தம் பூசாரிகளில் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதத்தில், அந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் சொல்வார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள், நம் ஆட்கள் கண்டுகொள்வதில்லை என்று கடிந்துகொள்கிறார். கூடவே, சத்திரங்கள் கட்டச் சொல்லிக் கோதுமையும் திராட்சை ரசமும் ஒதுக்கினார்.