தேதியை நம்பித் தோட்டத்தை விற்க வேண்டாம்

சகோதரி, கோத்தகிரிப் பக்கம் மண் சரிந்ததைக் காட்டி, கர்த்தரின் வருகைக்குத் தேதி குறித்து, தேயிலைத் தோட்டத்தை விற்கச் சொல்கிறார் உங்கள் ஜெபக்குழுத் தலைவர் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து விற்காதீர்கள்.

மத்தேயு 24ஐ முழுதாக வாசியுங்கள். பூமியதிர்ச்சிகளைச் சொன்ன இயேசுவே, அவை வேதனைகளுக்கு ஆரம்பம் என்கிறார். அந்த நாளைப் பிதா ஒருவரே அறிவார் என்கிறது 36ஆம் வசனம். அதற்குமேல் உங்கள் தலைவருக்கு எப்படித் தெரியும்? நீலகிரியில் 1978லும் 2009லும்கூட பெரிய சரிவுகள் வந்தன.

அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியாரின் போதனையை நம்பியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று கர்த்தர் வருவார் என்று காத்திருந்து நொந்துபோனார்கள். சிலர் பயிரைக்கூட அறுக்காமல் விட்டிருந்தார்கள், பாவம்.

அப்புறம், 2 தெசலோனிக்கேயர் 3ஆம் அதிகாரத்தைக் கணவரோடு சேர்ந்து வாசியுங்கள். வேலை செய்யாமல் திரிந்தவர்களை உழைத்துச் சாப்பிடச் சொல்கிறார் பவுல். விற்ற பணம் யாரிடம் போகும் என்று தலைவரிடம் நேராகவே கேளுங்கள்.