நிலத்தை விற்காதீர்கள், அவள் கொசுவைப் படிக்கட்டும்

அம்மா, உங்கள் கடிதத்தில் முக்கியமான வரியைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். டெங்கு வந்த வருடம் தெருவில் எந்தெந்த வீட்டுத் தொட்டியில் கொசுப்புழு இருந்தது என்று உங்கள் மகள் நோட்டுப் போட்டு எழுதி வைத்தாள் என்கிறீர்கள். அதற்கு முன்னால் இரண்டு பக்கம் முழுக்க நீட், ஜார்ஜியா, ஏஜென்ட், மாமா சொன்னது, ஒன்றரை ஏக்கர் நஞ்சைக்கு வந்திருக்கிற விலை. நிலத்தை விற்று அவளை ஜார்ஜியாவுக்கு எம்.பி.பி.எஸ். படிக்க அனுப்பலாமா என்பதுதான் உங்கள் கேள்வி.

இரண்டாம் முறையும் நீட்டில் மதிப்பெண் போதவில்லை என்றால் வீடு கலங்கத்தான் செய்யும். ஆனால் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. நிலத்துக்கு முன்பணம் வாங்காதீர்கள். வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து வருகிறவர் இங்கே எஃப்.எம்.ஜி.இ. என்ற தகுதித் தேர்வில் 300க்கு 150 எடுத்தாக வேண்டும். பெரும்பாலான முறை எழுதுகிறவர்களில் பாதிப் பேர்கூடத் தேறுவதில்லை. தேறினாலும் இங்கே இன்னும் ஓராண்டு பயிற்சி மருத்துவராக வேலை பார்க்க வேண்டும். அந்தக் காலத்துக்கான சாப்பாடு, கோச்சிங் செலவெல்லாம் ஏஜென்ட் நீட்டும் பட்டியலில் இருக்காது. அந்த நிலத்தை நம்பித்தான் தம்பியின் படிப்பும் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதோடு, டாக்டராகி நோயாளிகளைப் பார்க்க வேண்டும் என்று உங்கள் மகள் சொன்னதாகக் கடிதத்தில் ஓர் இடத்திலும் இல்லை. "நோய் எப்படிப் பரவுதுன்னு கண்டுபிடிக்கணும்" என்கிறாள். அது வேறு வேலை.

நர்சிங், பார்மசி, பிசியோதெரபி பற்றியெல்லாம் ஊரில் எல்லோரும் சொல்லியிருப்பார்கள், விட்டுவிடுகிறேன். புதுச்சேரியில் வி.சி.ஆர்.சி. என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கீழ் 1975 முதல் இயங்கும் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் அது. கொசு, உண்ணி, மணல் ஈ போன்றவை பரப்பும் நோய்கள்தான் அவர்களுடைய வேலை. அங்கே எம்.எஸ்சி. பொது சுகாதாரப் பூச்சியியல் என்ற இரண்டு ஆண்டுப் படிப்பு உண்டு; பட்டம் தருவது புதுச்சேரிப் பல்கலைக்கழகம். எம்.பி.பி.எஸ். தேவையில்லை. பி.எஸ்சி. விலங்கியல் போன்ற உயிரியல் பட்டம் போதும்.

"கொசு பிடிக்கவா பொண்ணைப் படிக்க வைக்கிற?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். ஆமாம், பிடிக்கத்தான் வேண்டும். பொழுது சாயும் நேரத்தில் மாட்டுத் தொழுவத்தில் டார்ச்சோடு நின்று, உறிஞ்சுகுழலால் கொசுவைப் பிடித்து, நுண்ணோக்கியில் இனம் பிரித்து, அதன் உடலில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூச்சிக்கொல்லி மருந்து தடவிய தாளுக்கு நடுவில் கொசுக்களை ஒரு மணி நேரம் வைத்து, மறுநாள் எத்தனை செத்தன என்று எண்ணுவார்கள். ஓர் ஊரில் அடிக்கும் மருந்து இன்னும் வேலை செய்கிறதா என்பது அப்படித்தான் தெரியவரும்.

கேரளத்தின் சேர்த்தலையில் யானைக்கால் நோயைப் பரப்பியது மான்சோனியா என்ற கொசு. மற்ற கொசுப்புழுக்களைப்போல இதன் புழு நீர்மட்டத்துக்கு வந்து மூச்சுவிடாது. ஆகாயத்தாமரை போன்ற மிதக்கும் செடிகளின் வேரைத் துளைத்து அங்கிருந்தே காற்றை எடுத்துக்கொள்ளும். வி.சி.ஆர்.சி. மையத்தினர் 1980களில் ஊர்மக்களைச் சேர்த்துக்கொண்டு குளங்களில் செடியை அகற்றி மீன் வளர்க்க வைத்தார்கள். புழு எப்படி மூச்சுவிடுகிறது என்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் இந்த யோசனை வரும். டெங்கு வைரஸ் கொசுவுக்குள் பெருகாதபடி தடுக்கும் வோல்பாக்கியா பாக்டீரியாவைப் புகுத்திய ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியிருப்பதாக 2022இல் அறிவித்ததும் இதே மையம்தான். ஒரு மருத்துவர் நாளெல்லாம் டெங்கு நோயாளிகளைப் பார்க்கலாம், அது பெரிய சேவைதான். உங்கள் மகள் நிற்க ஆசைப்படுவது அதற்கு முந்தைய இடத்தில், காய்ச்சல் வீட்டுக்குள் வருவதற்கு முன்பு.

வருமானத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். தமிழ்நாடு பொது சுகாதாரத் துறையில் பூச்சியியல் வல்லுநர் பதவிகள் உண்டு, ஆனால் எண்ணிக்கை குறைவு. ஆராய்ச்சித் திட்டங்களில் முதல் சில ஆண்டுகள் பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான். திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால் பிஎச்.டி.க்கு மாதம் 37,000 ரூபாயில் தொடங்கும் உதவித்தொகை வரும். வீட்டிலிருந்து பணம் அனுப்ப வேண்டியிருக்காது. நிலைபெற முப்பது வயதாகலாம். அதற்கு உங்கள் குடும்பம் தயாராக வேண்டும், குறிப்பாகக் கல்யாணப் பேச்சை எடுக்கிற பெரியவர்கள்.

இப்போதைக்கு அரசுக் கலைக் கல்லூரியில் விலங்கியல் போதும். கட்டணம் குறைவு, வீட்டிலிருந்தே போய்வரலாம். கூடவே புள்ளியியலை அவள் விடாமல் படிக்கட்டும், இந்தத் துறையில் கணக்கு வராதவர்கள் பாதியில் திணறுவார்கள். விடுமுறையில் மாவட்டப் பூச்சியியல் குழுவினர் கொசுப்புழுக் கணக்கெடுக்கப் போகும்போது, அனுமதி கேட்டு அவளை ஒரு வாரம் உடன் அனுப்புங்கள். வெயிலும் சாக்கடை நாற்றமும் பார்த்த பிறகும் அவள் இதையே கேட்டால், மூன்றாம் ஆண்டில் வி.சி.ஆர்.சி.யின் சேர்க்கை அறிவிப்பு வருகிறதா என்று பாருங்கள்.