80 எப்படி 100 ஆனது?

போன தடவை கண் பரிசோதனையில் குழந்தையின் ஆழப் பார்வை (இரு கண்களும் சேர்ந்து எது கிட்டே, எது தள்ளி என்று உணர்வது) 80 ஆர்க் செகண்ட் என்று வந்தது, இந்தத் தடவை 100 என்று வந்தால் பயப்பட வேண்டுமா? ஆர்க் செகண்ட் என்பது மிகச் சிறிய கோண அளவு, எண் கூடினால் ஆழப் பார்வை குறைவு என்று பொருள். ஆனால் 80 ஆர்க் செகண்ட் 100 ஆனதை மட்டும் வைத்து, குழந்தைக்கு ஆழப் பார்வை குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இந்தச் சோதனைக்குக் காட்டும் ஈப் படப் புத்தகத்தில் (Titmus Fly) 80க்கு முந்தைய படியே 100தான், நடுவில் எதுவும் கிடையாது. ஒரே ஒரு வட்டத்தில் தடுமாறினாலே எண் மாறிவிடும், போதாததற்கு நான்கு வட்டங்களில் எழும்பித் தெரியும் ஒன்றைத் தொடச் சொல்வதால் போன தடவை குருட்டாம்போக்கில் சரியாகத் தொட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு.

பெரும்பாலும் காரணம் சாதாரணமாக இருக்கும்: பவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு சோதனைக்கான போலராய்டு கண்ணாடியை (ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் படம் காட்டுவது) மாட்டியிருப்பார்கள் (அதன் மேல்தான் மாட்ட வேண்டும்), இல்லையென்றால் புத்தகம் 40 செ.மீ. தூரத்தில் இருந்திருக்காது.

அடுத்த முறை இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். போலராய்டு கண்ணாடியோடு ஒரு கண்ணை மறைத்துவிட்டு அதே வட்டங்களைக் காட்ட வேண்டும். அப்போதும் முதல் சில வட்டங்களைச் சரியாகத் தொட்டால், குழந்தை ஆழத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. வட்டம் லேசாகப் பக்கவாட்டில் தள்ளியிருப்பதைக் கண்டுபிடித்துச் சொல்கிறது. (பிள்ளைகள் விடையை மனப்பாடம் செய்வதும் உண்டு, கெட்டிக்காரர்கள்!) அப்படியானால் சிதறிய புள்ளிகளுக்குள் உருவம் மறைந்திருக்கும் புள்ளிச் சிதறல் (random dot) வகைச் சோதனை கேளுங்கள், அதில் இந்தத் துப்பு கிடைக்காது.

ஆனால் 80 நேராக 400க்குப் போனாலோ, கண் விலகுவது தெரிந்தாலோ, இரட்டையாகத் தெரிகிறது என்று குழந்தை சொன்னாலோ அடுத்த தேதிவரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.