நிலத்தை விற்கும் முன் பயாப்சி ரிப்போர்ட்டைப் பாருங்கள்

கேள்வி: என் மனைவிக்கு 44 வயது. மார்பகப் புற்றுநோய், இரண்டாம் நிலை, ஹெர்-2 பாசிட்டிவ் என்று சொல்லியிருக்கிறார்கள். செப்டம்பரில் கீமோ, பிறகு ஆபரேஷன், ஊசி மட்டும் ஒரு வருடம். 5 லட்சத்துக்கு ஃபேமிலி ஃப்ளோட்டர் (குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஒரே) மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி ஆறு வருடமாக இருக்கிறது; ஜனவரியில் புதுப்பிக்க வேண்டும். எஃப்டி 4 லட்சம், நகை 18 பவுன், ஒட்டன்சத்திரத்தில் 40 சென்ட் நிலம். நிலத்தைக் கொடுத்துவிடுங்கள் என்கிறார் மாமனார். என்ன செய்வது? - திண்டுக்கல் வாசகர்

பதில்: இப்போது விற்காதீர்கள். அவசரத்துக்கு விற்கிறார்கள் என்று தெரிந்தாலே புரோக்கர் விலையை இறக்கிவிடுவார். அதைவிட முக்கியம், இந்தச் செலவு ஒரே பில்லாக வராது.

ஹெர்-2 என்பது புற்றுநோய்ச் செல்களில் பார்க்கும் ஒரு புரதம். பயாப்சி ரிப்போர்ட்டில் அதன் பக்கத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். 3+ என்றால் பாசிட்டிவ், சந்தேகமில்லை. 2+ என்றால் ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனை செய்துதான் முடிவு சொல்வார்கள். நான் மருத்துவன் இல்லை, ஆனால் இது தெரியாமல் பட்ஜெட் போட முடியாது. பெரிய செலவு, ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் போடும் அந்த ஒரு வருட ஊசி, டிராஸ்டுசுமாப். மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஒரு வருடத்தில் 17, 18 ஊசி வரும். பயோகான் போன்ற இந்திய நிறுவனங்களின் பயோசிமிலர், அதாவது அசல் மருந்தைப் போன்ற மாற்று மருந்து, வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. அது போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். 60 கிலோ எடைக்கு வழக்கமான டோஸ் 360 மில்லிகிராம். 440 மில்லிகிராம் குப்பி வாங்கினால் 80 மிஞ்சும். பலமுறை எடுக்கும் குப்பியாக இருந்து, அதோடு வரும் நீரிலேயே கலந்தால், ஃப்ரிட்ஜில் 28 நாள் வைக்கலாம். அடுத்த ஊசி 21-ஆம் நாள். மிச்சத்தை என்ன செய்கிறீர்கள் என்று பார்மசியில் கூச்சப்படாமல் கேளுங்கள்.

அடுத்தது பாலிசி. செப்டம்பரில் தொடங்கும் கீமோவும் முதல் ஐந்தாறு ஊசிகளும் இந்த வருட 5 லட்சத்தில் வரும். ஜனவரியில் புதுப்பித்ததும் புதிதாக 5 லட்சம். ஆபரேஷனும் மீதி ஊசிகளும் அதில். க்ளெய்ம் வாங்கினீர்கள் என்பதற்காகப் புதுப்பிக்க மறுக்க முடியாது. ஆனால் கடைசித் தேதி தவறினால், நடுவில் விடுபட்ட நாட்களுக்குக் காப்பீடு கிடையாது. பிரீமியத்தை இப்போதே தனியாக எடுத்து வையுங்கள். பாலிசிக்காகச் சிகிச்சையை மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்.

கீமோவுக்கு 24 மணி நேரம் படுக்க வேண்டியதில்லை, டே கேர் க்ளெய்மில் வரும். இந்த ஊசி மோனோக்ளோனல் ஆன்டிபாடி வகை. சில பாலிசிகளில் அதற்குத் தனி உச்சவரம்பு உண்டு. பாலிசிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள்.

ஆபரேஷனின்போது அறை விஷயத்தில் கவனம். பாலிசியில் அறை வாடகைக்கு நாளுக்கு 5,000 வரம்பு இருந்து 8,000 ரூபாய் அறை எடுத்தால், வித்தியாசம் 3,000 மட்டும் என்று நினைப்போம். பல பாலிசிகளில் அப்படியில்லை, மற்ற கட்டணங்களையும் அதே விகிதத்தில் குறைப்பார்கள். சர்ஜன் கட்டணம் 1,20,000 என்றால் அதிலும் எட்டில் ஐந்து பங்கு, 75,000தான் தருவார்கள். மருந்துக்கு இந்த வெட்டு இல்லை.

கைக்காசுக்கு எஃப்டியில் 2 லட்சத்தை எளிதில் எடுக்கும்படி மாற்றுங்கள். மிச்சத்தின்மேல் ஓவர்டிராஃப்ட் கிடைக்கும். பிஎஃப் இருந்தால் மருத்துவ முன்பணம் கேளுங்கள், திருப்பிக் கட்ட வேண்டாம். அதற்கும் மேல் போனால் நகைக்கடன், வங்கியில் மட்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் உள்ள குடும்பங்களுக்கு. அதற்குள் வந்தால் விட்டுவிடாதீர்கள்.

மாமனார் சொல்வதையும் தட்ட வேண்டாம். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்றிதழ் எல்லாம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஜனவரிக்குப் பிறகும் பணம் போதவில்லை என்றால், அப்போது நிதானமாக விலை பேசலாம்.