மாமாஸ் அண்ட் த பாப்பாஸ் – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

அண்மையில் ஹாங்காங் இயக்குநர் வாங் கார்-வாயின் 'சங்கிங் எக்ஸ்பிரஸ்' படம் பார்த்தேன். சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் பெண் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். 'கலிஃபோர்னியா ட்ரீமின்'. படம் முடிந்தும் பாட்டு என்னை விடவில்லை. தேடிப்பிடித்து, அதைப் பாடிய மாமாஸ் அண்ட் த பாப்பாஸ் என்ற அமெரிக்க நால்வர் குழுவின் எல்லா ஆல்பங்களையும் கேட்டுவிட்டேன். 1965-இல் சேர்ந்தவர்கள் 1968-இல் கலைந்துவிட்டார்கள் என்பதைத்தான் நம்பமுடியவில்லை. இவ்வளவு நன்றாகப் பாடியவர்கள் ஏன் நிலைக்கவில்லை? காதல் தகராறு என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். அவ்வளவுதானா? இன்னொன்று, குழுவின் பாடகி கேஸ் எலியட் சாண்ட்விச் தொண்டையில் அடைத்துச் செத்துப்போனார் என்று நண்பர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். உண்மையா?

அன்புடன்,
ர.

*

அன்புள்ள ர.,

சாண்ட்விச் கதையை முதலில் முடித்துவிடுவோம். அது பொய். 1974 ஜூலையில் லண்டன் பலேடியம் அரங்கில் இரண்டு வாரம் பாடிவிட்டு, நண்பர் ஹாரி நில்சனின் வீட்டில் தங்கியிருந்தபோது கேஸ் தூக்கத்தில் இறந்துபோனார். மாரடைப்பு. வயது 32. பிரேதப் பரிசோதனையில் தொண்டையில் உணவு எதுவும் இல்லை. அதற்குள் செய்தி உலகம் சுற்றி வந்துவிட்டது. போதைமருந்துப் பேச்சு கிளம்பிவிடக் கூடாதென்று கேஸின் மேலாளர் கேட்டுக்கொண்டதால்தான் அப்படி எழுதினேன் என்று ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளர் பல பத்தாண்டுகள் கழித்துச் சொன்னார். குண்டான பெண் என்பதால் கேட்டவர்கள் எல்லோரும் உடனே நம்பினார்கள். உங்கள் நண்பர் சிரித்ததும் அதனால்தான்.

கேஸ் குழுவில் சேர்ந்ததற்கும் இதேபோல ஒரு கதை உண்டு. விர்ஜின் தீவுகளில் இருந்தபோது தலையில் செம்புக் குழாய் விழுந்ததாம், அதன்பின் குரல் இன்னும் மேலே எட்டியதாம், அதனால் குழுவை நடத்திய ஜான் ஃபிலிப்ஸ் சேர்த்துக்கொண்டாராம். கேஸே இதைச் சொல்லிச் சிரிக்கவைப்பார். அவரது உருவம் தன் குழுவுக்குப் பொருந்தாது என்று ஜான் தயங்கினார் என்பதுதான் உடனிருந்தவர்கள் பிறகு சொன்னது. குழாய்க் கதை அதை மூடிமறைக்க நன்றாக உதவியது.

சரி, உங்கள் முதல் கேள்வி. காதல் தகராறு இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. குழுவில் பாடிய ஜானின் மனைவி மிஷேலுக்கும் நான்காமவரான டென்னி டோஹர்டிக்கும் உறவு. டென்னி மேல் கேஸுக்கு ஒருதலைக் காதல். 1966 ஜூனில் மிஷேலை வெளியேற்றி ஜில் கிப்சனைச் சேர்த்தார்கள், கோடை முடிவதற்குள் மிஷேல் திரும்பி வந்துவிட்டார். ஆனால் தேதிகளைப் பாருங்கள். 'மண்டே, மண்டே' அந்த வருடம் மே மாதத்தில் முதலிடத்தில் இருந்தது. மிஷேல் - டென்னி விவகாரத்திலிருந்து பிறந்த 'ஐ சா ஹர் அகெய்ன்' அதே கோடையில் முதல் ஐந்துக்குள் வந்தது. அதை டென்னியையே பாடவைத்தார் ஜான். சண்டை உச்சத்தில் இருந்தபோதுதான் பாட்டும் உச்சத்தில் இருந்தது. பிறகு சண்டையால் உடைந்தது என்றால் எப்படி?

என் எண்ணம் வேறு. இவர்கள் ஸ்டூடியோவுக்குள் உருவான குழு. அதற்கு வெளியே இவர்களால் வாழமுடியவில்லை.

ஜான் நியூயார்க்கின் நாட்டுப்புறப் பாடல் வட்டத்தில் 'ஜர்னிமென்' என்ற மூவர் குழுவை நடத்தியவர். பல குரல்களை அடுக்குவதில் மன்னன். 1965-இல் நால்வரும் லாஸ் ஏஞ்சலஸ் போனபோது, பாடகர் பாரி மெக்குவயர் அவர்களைத் தயாரிப்பாளர் லூ ஆட்லரிடம் அழைத்துப்போனார். முதலில் மெக்குவயரின் ஆல்பத்தில் பின்பாட்டுதான் பாடினார்கள். 'கலிஃபோர்னியா ட்ரீமின்' அவருக்காகப் பதிவுசெய்த பாட்டு. அப்புறம் அதே வாத்திய இசையை வைத்துக்கொண்டு, மெக்குவயரின் குரலை அழித்து டென்னியைப் பாடவைத்து, மவுத் ஆர்கன் இருந்த இடத்தில் பட் ஷாங்கின் புல்லாங்குழலை வைத்தார்கள். ஹெட்போனில் இடது காதைக் கவனியுங்கள். தொடக்கத்தில் முழுதாக அழியாத மெக்குவயரின் குரல் லேசாகக் கேட்கும். வாசித்தவர்களும் குழுவினர் அல்ல. ட்ரம்ஸ் ஹால் பிளெய்ன், பேஸ் ஜோ ஆஸ்போர்ன் என்று லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோக்களில் கூலிக்கு வாசித்த மகா கலைஞர்கள்.

நால்வரும் பாடி முடித்ததும் அதன்மேலேயே இன்னொரு முறை பாடி ஏற்றுவார்கள். எல்லாம் சுருதி பிசகாமல் சேரும்போது, யாரும் பாடாத ஐந்தாவது குரல் ஒன்று மேலே கேட்குமாம். அதற்கு ஹார்வி என்று பெயர் வைத்திருந்தார்கள். 'ஐ சா ஹர் அகெய்ன்' கடைசியில் டென்னி அவசரப்பட்டு முன்னதாக எடுத்துவிட்டு, நிறுத்தி, மறுபடி எடுப்பதுபோல் வரும். ஒலிப்பதிவாளர் போன்ஸ் ஹவ் டேப்பைச் சேர்க்கும்போது நேர்ந்த பிசகு அது. நன்றாக இருக்கிறதே, விட்டுவிடு என்றார் ஆட்லர். எனக்கு அந்தப் பாட்டிலேயே பிடித்த இடம் அதுதான்.

இதையெல்லாம் மேடையில் நான்கு பேர் நின்று எப்படிப் பாடுவது? 1967 ஜூன் 16 முதல் 18 வரை கலிஃபோர்னியாவில் நடந்த மான்டெரி இசை விழாவில் இது அம்பலமானது. விழாவை நடத்தியதே ஜானும் ஆட்லரும்தான். அதன் விளம்பரத்துக்காகவே பழைய கூட்டாளி ஸ்காட் மெக்கென்ஸிக்கு சான் ஃபிரான்சிஸ்கோ பற்றிய அந்தப் புகழ்பெற்ற பாட்டை ஜான் எழுதிக்கொடுத்தார். கடைசி நாள் இரவு ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கிட்டாரைக் கொளுத்திவிட்டுப் போன மேடையில் இவர்கள் ஏறினார்கள். டென்னி கடைசி நேரத்தில்தான் வந்து சேர்ந்திருந்தார், ஒத்திகை என்று ஒன்று கிடையாது. குரல்கள் ஒட்டவே இல்லை. அந்த மூன்று நாளில் ஜானிஸ் ஜாப்ளின், ஓட்டிஸ் ரெட்டிங், 'த ஹூ' குழு எல்லோரையும் கேட்டுவிட்ட கூட்டத்துக்கு, விழாவை நடத்தியவர்களின் பாட்டு ஒரே நாளில் பழசாகிவிட்டது. ஜான் தன் சொந்தச் செலவில் தனக்குப் பிந்தைய காலத்தை வரவேற்றார் என்றே சொல்வேன். நீங்கள் படம் பார்ப்பவர் என்பதால் சொல்கிறேன், பென்னிபேக்கர் எடுத்த 'மான்டெரி பாப்' ஆவணப்படத்தைத் தேடிப் பாருங்கள். அது ரவிசங்கரின் சிதாரில் முடிகிறது, அல்லா ரக்காவின் தபலாவோடு. அதற்காகவே பார்க்கலாம்.

அதன்பின் வேகமாகச் சரிந்தது. அந்த அக்டோபரில் கப்பலில் இங்கிலாந்து போய் இறங்கியதுமே, முந்தைய பயணத்தின் ஓட்டல் பாக்கி, காணாமல்போன போர்வை என்று ஏதோ புகாரில் கேஸைக் கைது செய்தார்கள். வழக்கு நிற்கவில்லை. ஆனால் அதையொட்டிய விருந்தில் பலர் முன்னால் ஜான் கேஸைக் கேலிசெய்ய, விலகுகிறேன் என்று கேஸ் கிளம்பிவிட்டார். நிகழ்ச்சிகள் ரத்து. ஜான் பெல் ஏர் வீட்டிலேயே ஸ்டூடியோ கட்டிக்கொண்டதுதான் அதைவிடப் பெரிய ஆபத்து என்பேன். மணிக்கணக்கு பார்க்கவேண்டியதில்லை, எத்தனை தடவை வேண்டுமானாலும் மறுபடி பாடலாம். ஒரு பாட்டின் குரல்களுக்கு மட்டும் ஒரு மாதம் போனது என்று கேஸ் புலம்பினார். அங்கே உருவான 1968 ஆல்பத்தில் உயிரோடு இருப்பது 'ட்ரீம் எ லிட்டில் ட்ரீம் ஆஃப் மீ' மட்டும்தான். அதில் கேஸின் பெயரைத்தான் முன்னால் போட்டு வெளியிட்டார்கள், வேறு வழியில்லை.

1971-இல் ஒப்பந்தத்தில் இன்னொரு ஆல்பம் பாக்கி என்று இசைத்தட்டு நிறுவனம் சட்டத்தைக் காட்ட, 'பீப்பிள் லைக் அஸ்' செய்தார்கள். பெரும்பாலும் ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து பாடிவிட்டுப் போனார்கள். எல்லா ஆல்பங்களையும் கேட்டதாகச் சொல்கிறீர்கள், இதையும் கேட்டிருந்தால் வருத்தம்தான். 1967-இன் 'கிரீக் ஆலி' பாட்டை இன்னொரு முறை போடுங்கள். யார் யாரோடு எந்தக் குழுவில் இருந்தார்கள், யாரிடம் காசில்லை, எப்படி ஒன்றுசேர்ந்தார்கள் என்று தங்கள் வரலாற்றைத் தாங்களே மூன்றே முக்கால் நிமிடத்தில் பாடியிருக்கிறார்கள். கேஸின் உடம்பைப் பற்றிய குத்தலும் அதிலேயே திரும்பத் திரும்ப வருகிறது. பாடுபவர்களில் அவரும் ஒருவர்.